ஐந்து பேருக்கு ஒரே மேஜை

உணவகக்காரர்களுக்கு ஐந்து பேர் என்றாலே தலைவலிதான். மேஜைகள் இரண்டு பேருக்கும் நாலு பேருக்கும் என்றே செய்யப்பட்டிருக்கின்றன. ஐந்தாவது ஆளுக்கு ஒரு நாற்காலியை நடைவழியில் இழுத்துப் போட வேண்டும். பரிமாறுகிறவர் சூடான தட்டோடு அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். சீசன் நேரத்தில் அந்தத் தொல்லையை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

அவன் வாங்க வைத்தான். விடுமுறைக்குப் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதே கடற்கரைச் சாலை உணவகங்களின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தான். நான்கு நாள், நான்கு மதியச் சாப்பாடு. தொழில் நில அளவை. ஓர் அடி பிசகினாலும் தூக்கம் வராது. ஒவ்வோர் இடத்திலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்.

"அஞ்சு பேர். ஒரே மேஜை. அதுல ஒரு குழந்தை."

'பாக்கறோம்' என்றவர்களை விட்டுவிட்டான். 'கண்டிப்பா' என்றவர்களிடம் பெயரையும் எண்ணையும் கொடுத்தான். பட்டியலைக் கைபேசியில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். சகலையிடமிருந்து உடனே பதில் வந்தது.

"சகலை, என் கல்யாணத்துல கூட இவ்வளவு பொறுப்பா யாரும் சாப்பாட்டைக் கவனிக்கல."

ஐந்து பேரில் அவன் ஒருவன். அவன் மகள் ஒருத்தி. ஆறு வயது, எல்லாருக்கும் சிட்டு. மூன்றாவது மாமனார், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்புறம் மனைவியின் அக்கா. அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்காவின் கணவர்தான் சகலை.

மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவனும் சிட்டுவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு வராது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, வாய் நிறையச் சோற்றோடு சிரித்து, அதற்காகத் திட்டு வாங்கி அவள் சாப்பிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பக்கத்தில் அவனும் இருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் அவன் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான்.

அக்கா வேறொன்றை எதிர்பார்த்திருந்தாள். இரண்டு மாதம் முன்பு வீட்டுக்கு வந்தபோதே கேட்டுவிட்டாள்.

"சிட்டுவை எங்ககிட்ட விட்டுடுங்க தம்பி. நாங்க வளக்கறோம்."

முடியாது என்றான். "சரி, விடுங்க," என்று அவளும் விட்டுவிட்டாள். சகலை அவன் தோளில் கை போட்டு, "பெத்தவன் நீங்க இருக்கீங்க. அப்புறம் என்ன பேச்சு?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் அவனுக்குத் தனிப் பிரியம். அக்கா தங்கையைக் கட்டியவர்கள் சண்டைக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்று யாராவது சொன்னால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

முதல் நாள் ஒரு மணிக்குப் போனார்கள். ஜன்னலோரம் மூன்று பேருக்கு ஒரு மேஜை, சமையலறைக் கதவையொட்டி இரண்டு பேருக்கு ஒரு மேஜை போடப்பட்டிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"சீசன் சகலை. எந்த மேஜையில சாப்பிட்டோம்னு வயித்துக்குத் தெரியவா போகுது? சிட்டு, நீ பெரியம்மா பக்கத்துல உக்காரு."

மாமனார் ஏற்கெனவே சமையலறைக் கதவருகே உட்கார்ந்து துண்டை மடியில் விரித்துவிட்டார். அவன் எதிரே உட்கார்ந்தான். டிக்கெட் வாங்காமல் வந்து கழிப்பறையில் ஒளிந்துகொண்ட ஒரு வக்கீலின் கதையை அவர் ஆரம்பித்தார். அவன் பத்துத் தடவை கேட்ட கதை. அன்றைக்கு இரண்டு மடங்கு நீளம். கதவு திறந்து மூடும்போதெல்லாம் எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. ஜன்னல் பக்கம் சிட்டுவின் பின்னந்தலை தெரிந்தது.

இரண்டாம் நாள் வேறு உணவகம். அங்கேயும் மூன்றும் இரண்டும்.

"அஞ்சு பேர்னு தெளிவாச் சொன்னேனே," என்றான் வாசலில் இருந்தவரிடம்.

"எழுதியிருக்கறபடிதான் சார் போட்டிருக்கோம்," என்று அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டப் போனார்.

சகலை நடுவில் புகுந்து அவன் கையைப் பிடித்தார். "விடுங்க சகலை, பாவம், அவர் என்ன பண்ணுவார்? வெயில்ல நின்னு சண்டை போடவா வந்தோம்?"

அவன் விட்டுவிட்டான். சண்டை போடத் தெம்பும் இல்லை. அன்று சிட்டு தட்டை வழித்துச் சாப்பிட்டாள். வீட்டில் ஒரு வாய்க்கு ஒன்பது தடவை கெஞ்ச வேண்டும். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க மாட்டாளா என்றும் இருந்தது. பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கே கிளம்பினான். ஷேவிங் பிளேடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அன்றைய உணவகத்துக்கு நேரில் போனான். நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்திருந்தன. ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதிவேட்டுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் பென்சிலைத் தலைமுடிக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒரு மணிக்கு அஞ்சு பேர். ஒரே மேஜைதானே?"

அவள் விரலை வரிசையில் ஓட்டினாள். "மூணு, ரெண்டு சார்."

"நான் அஞ்சுன்னு சொன்னேன்."

"நீங்க அஞ்சுன்னுதான் சொல்லியிருக்கீங்க. அடிச்சுட்டு மாத்தியிருக்கு பாருங்க. உங்க வீட்லேருந்து போன் வந்துச்சு."

"எங்க வீட்லேருந்தா?"

"என்கிட்டதான் பேசினார். நல்ல தமாஷான மனுஷர். ரெண்டு மேஜையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கட்டும்னார்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேச்சின் வேகம் குறைந்தது. "குழந்தை அந்த ரெண்டாவது மேஜைக்கு முதுகு காட்டி உக்காரணும்னார். நான் எதாவது சர்ப்ரைஸ் போலன்னு நெனச்சேன் சார்."

பதிவேட்டைத் திருப்பினாள். ஐந்து அடிக்கப்பட்டு, பக்கத்தில் ஒரு கைபேசி எண் எழுதியிருந்தது. சகலையின் எண். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு எண்களில் ஒன்று. மற்றது இப்போது யாரும் எடுக்காத எண்.

கோபம் வரும் என்று நின்றான். வரவில்லை. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்த இடத்தில் தரை வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

"மறுபடியும் அஞ்சாக்குங்க," என்றான். "யார் போன் பண்ணாலும் மாத்தாதீங்க."

அவன் திரும்பி வந்தபோது சிட்டு விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"சாப்பிடும்போது ஏன் அப்பாவைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கற?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் சிரித்தது.

"சொல்லு."

"சொல்லக் கூடாது. ஆட்டம்."

"என்ன ஆட்டம்?"

சிறிது யோசித்துவிட்டுக் காதருகே வந்தாள். "சாப்ட்டு முடியற வரைக்கும் உன்னைப் பாக்கக் கூடாது. பாத்தா அவுட். பாக்கலன்னா பெரியப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தருவாங்க." விரலை நீட்டிக் காட்டினாள். "நான் ஒரு தடவை கூட அவுட் ஆகலப்பா."

"கெட்டிக்காரி," என்றான்.

ஒரு மணிக்கு ஐந்து பேரும் போனார்கள். இரண்டு மேஜைகளை ஒட்டிப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பதிவேட்டுப் பெண் முன்னால் வந்து, "அஞ்சு பேர், ஒரே மேஜை," என்றாள்.

சகலை நின்றுவிட்டார். "மூணும் ரெண்டும்னுதானே..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உக்காருங்க சகலை," என்றான் அவன்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சிட்டு அவனுக்குப் பக்கத்தில். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மெனு அட்டைகள் வந்தன. ஒன்றைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சகலை சொன்னார், "சகலை, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"சும்மா ஒரு பழக்கத்துக்கு. நீங்க பக்கத்துல இல்லாம குழந்தை சாப்பிடுதான்னு பாக்கலாம்னு."

அக்கா மெனுவை மூடினாள். "அவரை ஏன் கேக்கறீங்க தம்பி? நான்தான் பண்ணச் சொன்னேன். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சிட்டுவுக்கு சீட் வாங்கியாச்சு. வர்ற திங்கக்கிழமை சேக்கணும். இங்கேருந்து அப்படியே எங்களோட கூட்டிட்டுப் போறதா இருக்கோம். நாளைக்கு உங்ககிட்ட பக்குவமாச் சொல்லலாம்னுதான்."

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

கிழவர் கண்ணாடியை மாட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலு ரயில் டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர்கள் மூன்று பேருக்கு மூன்று. நாலாவது அரை டிக்கெட்.

"நான்தான் எடுத்தேன் மாப்பிள்ளை," என்றார். முதல் நாள் அந்த வக்கீலின் கதை ஏன் அவ்வளவு நீண்டது என்று இப்போது விளங்கியது.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே," என்றாள் அக்கா. "முடியாதுன்னுட்டீங்க."

"முடியாதுன்னா முடியாதுன்னுதான் அக்கா அர்த்தம்."

"உங்களால முடியலன்னு அர்த்தம்," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "பள்ளிக்கூடத்துலேருந்து எனக்குத்தான் போன் வருது. நீங்க எடுக்கறதில்லையாம். போன மாசம் மூணு நாள் ஒரே சட்டையோட போயிருக்கா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. "தெரியாது," என்றான்.

"என் தங்கச்சி போய் இத்தனை மாசத்துல ஒரு தடவையாவது அழுதீங்களா? கல்லு மாதிரி இருக்கீங்க. அந்தக் கல்லுக்கு எதுக்க உக்காந்து ஒரு குழந்தை எப்படிச் சாப்பிடும்?"

"ஏய், அதை விடு," என்றார் சகலை.

சிட்டு மெனுவில் ஐஸ்கிரீம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை அசையவில்லை. கழுத்து விறைத்திருந்தது. ஓர் அடி தள்ளி அப்பா உட்கார்ந்திருக்க, அவள் இன்னும் ஆட்டத்தில் இருந்தாள்.

"சிட்டு, ஆட்டம் முடிஞ்சு போச்சு. அப்பாவைப் பாரு."

அவள் பெரியம்மாவைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம்தான் சிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் அவுட்டா?"

அவன் எழுந்தான். "வா, போகலாம்." சூப் வந்துகொண்டிருந்தது. சிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். "குழந்தை ஒரு வாய் சாப்பிடட்டுமே தம்பி," என்றாள் அக்கா. அவன் வாசலை நோக்கி நடந்தான்.

சகலை வாசல்வரை பின்னால் ஓடிவந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"சகலை, நமக்குள்ள இப்படி வேண்டாம். கெட்டது பண்ணணும்னு நெனச்சா பண்ணோம்?"

"பெத்தவன் நீங்க இருக்கீங்கன்னு சொன்னீங்க. என் தோள்ல கை போட்டுச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"சீட் எப்ப வாங்கினீங்க?"

தமாஷாகப் பேசும் மனிதர் சாலையைப் பார்த்தார். "அதுக்கு முந்தின வாரம்," என்றார்.

அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மூன்று உணவகம் தாண்டி ஒன்றில் ஏறினான். வாசலில் கூட்டம் காத்திருந்தது. முன்பதிவு இல்லை என்றான்.

"எத்தனை பேர் சார்? ரெண்டு பேர்தானா?" என்றார் அங்கிருந்தவர். "ரெண்டு பேர்னா இப்பவே உக்காரலாம்."

சின்ன மேஜை. முழங்காலும் முழங்காலும் இடித்தன. மீனும் சோறும் சொன்னான். சிட்டு உப்பு டப்பாவை மேஜைமேல் உருட்டினாள். மேஜையில் வைத்த கைபேசி அதிர்ந்தது. சகலை. அதைக் கவிழ்த்து வைத்தான்.

"பெரியம்மா வீட்ல எனக்குத் தனி அலமாரி இருக்கு," என்றாள் சிட்டு. "நீலக் கலர். போட்டோல பாத்தேன்."

"எப்பப் பாத்தே?"

"ரொம்ப நாள் முன்னாடி. நீ வேலைக்குப் போனப்ப. பெரியம்மா போன்ல காட்டினாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாங்க." உப்பு டப்பாவை நிறுத்தி வைத்தாள். "நீயும் எதுவும் கேக்கவே மாட்டேங்கறே."

பக்கத்து மேஜையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். அவன் காத்திருந்து, அந்தச் சிரிப்பு அடங்கியதும் கேட்டான்.

"உனக்கு எங்க இருக்கணும் சிட்டு? அங்கயா, நம்ம வீட்லயா?"

கேட்ட பிறகு பயமாக இருந்தது. பதினான்கு மாதத்தில் அவனுக்கு முதல்முதலாக வந்த பயம்.

சிட்டு அவனை நேராகப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

"சாப்ட்டு முடிச்சிட்டுச் சொல்றேன்," என்றாள்.

மீன் வந்தது. அவன் முள் எடுத்துத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் ஒவ்வொரு வாயாக, மிக மெதுவாகச் சாப்பிட்டாள்.