பட்டி பார்த்த வண்டி

என் கணவருக்குக் கார் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். நானும் இருபத்தொன்பது வருஷம் அதை நம்பித் தொலைத்தேன்.

நான் பல் கட்டுகிறவள். டாக்டர் இல்லை, டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், அதை வைத்துப் பல் செய்து கொடுக்கிற லேப்பில் வேலை. மெழுகும் அச்சு மாவும் சுடும் அடுப்புமாகத் திங்கள் முதல் சனி வரை ஓடிவிடும். உயரம் நாலடி பத்தங்குலம். கணவரின் கார் ஒரு கப்பல். அதில் உட்கார்ந்தால் எனக்கு பிரேக் எட்டாது. முதுகுக்குத் தலையணை வைத்தால் பிரேக் எட்டும், சாலை தெரியாது. லைசென்ஸ் மட்டும் பத்திரமாக அலமாரியில் இருக்கிறது.

மகள் நெடுஞ்சாலையில் காரில் போனால் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி. மருமகனுக்கு அடிக்கடி வெளியூர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுங்கள் என்றால், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார் இவர். அவருக்கு ஞாயிறு என்றால் சீட்டுக் கச்சேரி. போன மாதம் நானே இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன். போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம். பெண்ணோடு உட்கார்ந்து பேசியது முக்கால் மணி நேரம்.

எனக்கென்று ஒரு கார் வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. எங்களுக்கு வேலை அனுப்பும் டாக்டரம்மா ஒருவர் பழைய பிரிட்டிஷ் குட்டிக் கார் வைத்திருக்கிறார். ஒருநாள் அதில் உட்கார்ந்து பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. சரிபண்ணிப் புதிதாக்கி விற்கிறார்கள், விலையும் கைக்கு அடக்கம்தான் என்றார்.

கணவரிடம் சொன்னால் குதிப்பார் என்று நினைத்தேன். மனிதர் உடனே தலையாட்டினார். "நம்ம தங்கக்கை இருக்கான்ல, அவன் பட்டறையில ஒண்ணு தயாரா நிக்குது. நான் பேசிக்கிறேன், நீ கவலைப்படாதே." தங்கக்கை என்பது பட்டப்பெயர்; அவருடைய சீட்டுக் கூட்டாளி, பழைய கார்களைச் சரிபண்ணி விற்கிறவர். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. அன்றைக்கு அவருக்கு இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தேன். அதை அவர் தலையில் கொட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் லேப் முடிந்ததும் பட்டறைக்குப் போனோம். வெண்ணெய் நிறத்தில், உருண்டை விளக்குகளோடு வாசலிலேயே நின்றது வண்டி. காசு என்னுடையது, ஓட்டப்போவதும் நான். தங்கக்கை பேசியதெல்லாம் என் கணவரிடம்.

"இன்ஜினை இறக்கி ஏத்தியிருக்கு மச்சான். பெயிண்டைப் பாரு, உன் முகம் தெரியும்."

"அண்ணே, நான் இங்கதான் நிக்கிறேன்," என்றேன்.

"தெரியுது தங்கச்சி. சீட்டெல்லாம் புதுசு, உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். பிரேக் எட்டியது. சாலை முழுக்கத் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நேராக மகள் வீட்டு வாசலில் போய் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அசட்டுச் சிரிப்பு ஒன்றுகூடச் சிரித்தேன்.

இறங்கும்போதுதான் உறுத்தியது. கதவுக்கு அடியில் ஓடும் தகடு மடிகிற இடத்தில் ஒரு கோடு இருக்க வேண்டும். அங்கே வழவழவென்று இருந்தது. சொத்தையை அடைத்து மெருகு போட்ட பல் இப்படித்தான் இருக்கும். நாள் முழுக்க அதையே பார்க்கிறவள், எனக்கா தெரியாது? கைப்பையில் கிடந்த, லேப்பில் மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்து அதன் பிடியால் கதவைத் தட்டினேன். கணீர் என்றது. அடித்தகட்டைத் தட்டினேன். தொப்பென்றது. சக்கரத்துக்கு மேலே தட்டினேன், அங்கேயும் தொப்.

"ஏய், பெயிண்ட் போயிடும்!" என்று கத்தினார் கணவர்.

கத்தியைத் திருப்பி முனையை வைத்து அழுத்தினேன். சோப்பில் இறங்குவது போல இறங்கியது. இழுத்தால், ஓட்டையை அடைக்கப் பூசிய வெள்ளைப் பட்டியும் துருவும் பொலபொலவென்று கொட்டின. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கினேன். ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் ஓட்டை. அதன்மேல் ஒரு தகரத்தை ஒட்டித் தாரைப் பூசியிருந்தார்கள். பாவிகளா!

"இது வண்டியா அண்ணே? பட்டியைப் பிசைஞ்சு வண்டி மாதிரி பிடிச்சு வச்சிருக்கீங்க. நெடுஞ்சாலையில ஒரு லாரி லேசா உரசினாக்கூட என்னை வழிச்சுத்தான் எடுக்கணும். கூட உக்காந்து சீட்டாடுற மனுஷன் தலையிலயே இதைக் கட்ட மனசு வந்துச்சா?"

தங்கக்கைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "வார்த்தையை அளந்து பேசும்மா. நான் யாரையும் ஏமாத்தல. நல்ல வண்டி ஒண்ணு உள்ள நிக்குது, அதைத்தான் முதல்ல காட்டினேன். விலையும் ஏறத்தாழ அதேதான். உன் வீட்டுக்காரர்தான் வேண்டாம்னுட்டாரு. தூரம் போற வண்டி வேண்டாம்டா, ரெண்டு தடவை வழியில நின்னா அவளே அடங்கிடுவான்னாரு. வேணும்னா கேட்டுக்கோ."

நான் திரும்பினேன். என் கணவர் பட்டறைக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நெடுஞ்சாலையில நீ தனியா போறது... பயமா இருக்கும்மா."

"பயந்துதான் ஓட்டை வண்டியில ஏத்திவிடப் பாத்தீங்களா?"

"ஊருக்குள்ளதானே நீ ஓட்டப்போறன்னு நெனச்சேன். நீ பாட்டுக்கு வாராவாரம் அங்க போய் உக்காந்துட்டா, இங்க வீடு என்னாகுறது?"

வீடாம் வீடு! அவருடைய சாப்பாட்டுக்கும் துவைத்த துணிக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் அது. இன்னொரு வார்த்தை பேசினால் கையில் இருக்கும் கத்தி சும்மா இருக்காது என்று உள்ளே போய்விட்டேன்.

உள்ளே நின்றது சாம்பல் நிற வண்டி. பெயிண்ட் மங்கல், சீட்டில் ஒட்டு. குனிந்து ஒவ்வொரு இடமாகத் தட்டினேன். எல்லா இடத்திலும் இரும்பு பேசியது. தரையில் படுத்து அடியையும் பார்த்தேன், முதுகெல்லாம் கிரீஸ்.

"இதை எடுத்துக்கறேன். பேப்பரெல்லாம் என் பேர்ல எழுதுங்க."

"செவ்வாய்க்கிழமை ஆகும் தங்கச்சி," என்றார் தங்கக்கை. இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன். கணவர் தன் கப்பலின் கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில்கூட அப்படி நின்றதில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து வாராவாரம் வந்துடுவேன்டி. கார் வாங்கிட்டேன்."

அவள் மெதுவாக, "உன்னால முடியுமாம்மா?" என்றாள்.

"ஏன் முடியாது?"

"பயணமே உனக்கு ஒத்துக்கலையாமே. இங்க வந்துட்டுப் போனா படுத்துடுறியாம். வா வான்னு கூப்பிட்டு அவளைத் தொல்லை பண்ணாதேன்னு அப்பா சொன்னாரு. அதான்மா நான் கூப்பிடவே இல்ல. உன் மருமகனும் ஊர்ல இல்ல. பத்து நாளா தனியாத்தான் இருக்கேன், கால் வீங்கிப்போய் கெடக்கேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். கதவைப் பிடித்தபடி என் கணவர் சிரிக்கப் பார்த்தார்.

"நான் படுக்கவே இல்லடி," என்றேன். "ஒரு நாள்கூடப் படுக்கல. இன்னைக்கே வர்றேன், கதவைத் தாழ்ப்பாள் போடாம வை."

அவர் திறந்து பிடித்திருந்த கதவை அறைந்து சாத்திவிட்டு, கிரீஸ் அப்பிய முதுகோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.