பாரூர் ஸ்டாப், ஐந்து பேர்

தாளில் நான்கு கையெழுத்துதான் இருந்தது.

சத்யப்ரியா மறுபடியும் எண்ணினாள். கமலக்கண்ணன், பொன்னுசாமி, நஞ்சம்மா, அப்புறம் அவள். ஐந்தாவது கட்டம் காலி. அங்கே கையெழுத்துப் போட வேண்டிய ஹரிணி இன்னும் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"போலாமா? ரெண்டு நிமிசம் ரெண்டு நிமிசம்னு பத்து நிமிசம் ஆச்சு," என்றார் டிரைவர் திம்மராயன்.

"இன்னும் ஒரே ஒரு நிமிசம்ண்ணா."

"உன் நிமிசத்துக்கு அறுவது செகண்டா, அறுநூறா? சொல்லிடு, நான் தூங்கிட்டு வர்றேன்."

கம்பெனி பஸ் போச்சம்பள்ளியிலிருந்து வெறும் வண்டியாகப் பாரூர் வரை வந்து, இவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும். ஐந்தரைக்கு ஏறினால் எட்டு மணி ஷிஃப்ட். மாலை ஐந்துக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வீடு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பஸ்ஸில். போகப் போகப் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்கு வருடமாகியும் பழகவில்லை. தூங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். விழித்திருந்தால் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மணி பார்க்கத் தோன்றும்.

அந்த ஐந்து மணி நேரத்துக்கும் இப்போது ஆபத்து. வெறும் வண்டி ஓட்டுவது வீண் செலவு என்று கம்பெனிக்குத் தோன்றிவிட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக ஏறும் ஸ்டாப்பை எடுத்துவிடுவார்களாம். இந்த வாரத்துத் தாள்களை வைத்து முடிவு. ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பேர். இன்று சனிக்கிழமை, கடைசி நாள்.

பாரூரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸே ஆறரைக்குத்தான். கணவன் முனீஸ்வரன் அரிசி மில்லில் இரவுக் காவல். அவன் வீடு திரும்புவதும் அதே ஆறரைக்கு. வீட்டில் நிற்கும் மொபெட்டை ஓட்ட அவளுக்குத் தெரியாது. ஸ்டாப் போனால் வேலை போனது.

பஸ் நகர்ந்தது. சத்யப்ரியா தாளை மடியில் வைத்து, ஆங்கில எச் ஒன்றும், அதற்குப் பின்னால் நீளமாக ஒரு கோடும் இழுத்தாள். ஹரிணியின் கையெழுத்து அவ்வளவுதான்.

பின்சீட்டிலிருந்து கமலக்கண்ணன் எட்டிப் பார்த்தான். "அடேங்கப்பா, ஹரிணி ரொம்ப எளச்சிட்டா போலிருக்கே. ஒக்காந்திருக்கறதே தெரியல!"

"வாய மூடுறியா? இது உன் ஸ்டாப்பும்தான்."

"நான் எதையும் பாக்கலக்கா. தூங்கிட்டு இருக்கேன்." அவன் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை முன்னால் கொடுத்துவிட்டாள். போச்சம்பள்ளியில் கூட்டம் ஏறியது. சூளகிரியில் திம்மராயன் டீ குடிக்க ஐந்து நிமிடம் நிறுத்தினார். அந்த ஐந்து நிமிடமும் அவளுக்கு ஓடவில்லை.

எட்டே முக்காலுக்கு லைன் லீடர் சுமலதா வந்து தோளைத் தட்டினாள். "சத்யா, உன்ன கேட்ல கூப்பிடறாங்க. உங்க பஸ்ல வந்த ஒரு பொண்ணக் காணோமாம்."

பாகத்தில் மாட்ட எடுத்த ரப்பர் வளையத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள்.

சாப்பாட்டுக்கூடச் சுவரில் அந்த அறிவிப்பைத் தினமும் பார்த்திருக்கிறாள். பஸ் தாளில் கையெழுத்துப் போட்ட பெண், பஸ் வந்து அரை மணி நேரத்துக்குள் கேட்டில் கார்டு தேய்க்காவிட்டால், உடனே தேட வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி. இதுவரை ஒருவரும் தொலைந்ததில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதே காலையில் அவள் நினைவுக்கு வரவில்லை.

கேட் அறையில் திம்மராயனை நிற்க வைத்திருந்தார்கள். எதிரே போக்குவரத்து அதிகாரி பாஸ்கரன். விருதுநகர் பக்கத்து ஆள்.

"வீட்டுக்குப் பேசியாச்சும்மா. அஞ்சு மணிக்கே கம்பெனிக்குன்னு கெளம்பிட்டான்னு அவ அம்மா அழுவுறாங்க. தாள்லயும் கையெழுத்து இருக்கு. அப்ப இவரு வண்டியிலதான வந்திருக்கணும்? சூளகிரியில நிறுத்துனாராமே, அங்க எறங்குச்சா?"

சத்யப்ரியாவுக்கு இது புதுச் செய்தி. அஞ்சு மணிக்குக் கிளம்பினாளா? அப்படியானால் எங்கே போனாள்?

"சாமி சத்தியமா அந்தப் பொண்ண நான் பாக்கலிங்க சார்," என்றார் திம்மராயன். "தேவரே!" கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டார். "பதினோரு வருசமா வண்டி ஓட்டறேன். ஒரு குடைகூட என் வண்டியில தொலஞ்சதில்ல."

"பாக்கலன்னா கையெழுத்து தானா வந்து ஒக்காந்துச்சா? நான் போலீசுக்குச் சொல்லித்தான் ஆவணும்." பாஸ்கரன் போனை எடுத்தார்.

"சார்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "சார், ஹரிணி பஸ்ல ஏறவே இல்ல. அந்தக் கையெழுத்து நான் போட்டது."

திம்மராயன் அவளைப் பார்த்த பார்வைக்குப் பதிலாக அவர் திட்டியிருக்கலாம்.

"என்ன வேல பாத்து வச்சிருக்கே நீ?" என்றார் பாஸ்கரன். "எதுக்கு?"

"அஞ்சு பேர் வேணும்னீங்களே சார்."

அப்புறமும் அரை மணி நேரம் ஹரிணியின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒன்பதரைக்கு அழைப்பு போனது.

"அக்கா, ஏன் இத்தன தடவ அடிச்சிருக்க? ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில இருக்கேன். இன்டர்வியூ. அதான் போன ஆஃப் பண்ணி வச்சேன். பிரண்டு வண்டியில வந்தேன். வீட்ல சொல்லல, விடமாட்டாங்க. வேல கெடச்சிடுச்சுக்கா! ரூமும் அவங்களே தராங்க. இனிமே பஸ்ஸே கெடையாது!"

"முதல்ல உங்கம்மாவுக்குப் போன் போடு," என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்கரன் எழுதிக்கொடுத்த மெமோவில் கையெழுத்துப் போட்டாள். இந்த முறை சொந்தக் கையெழுத்து. "வேலய விட்டு எடுக்கல, அதுவரைக்கும் சந்தோசப்படு," என்றார். "பாரூர் ஸ்டாப் திங்கக்கெழமயிலருந்து கெடையாது. வர்றதா இருந்தா போச்சம்பள்ளிக்கு வா. ஆறு மணி."

மாலை பாரூரில் இறங்கும்போது திம்மராயனிடம் நின்றாள். "மன்னிச்சிருங்கண்ணா."

"போம்மா." ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னார். "ஆறுன்னா ஆறு. உனக்காக நான் நிக்கமாட்டேன்."

கமலக்கண்ணன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பிடித்தாள். "தம்பி, திங்கக்கெழம உன் பைக்ல எடம் இருக்கா?"

"பொன்னுசாமி அண்ணன் மத்தியானமே கேட்டு வாங்கிட்டாருக்கா." அவன் தலையைச் சொறிந்தான். "நஞ்சம்மாவ அவங்க பையன் கொண்டாந்து விடறானாம்."

ஆக, மிச்சம் அவள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில், வேலையிலிருந்து அப்படியே வந்த முனீஸ்வரன், மொபெட்டின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினான். "பிரேக்க விடுடி! முன்னால பாரு, என்னப் பாக்காத!" இரண்டு முறை விழுந்தாள். முழங்கை தேய்ந்தது. எட்டு மணிக்கு அவன் மூச்சு வாங்கிக் கையை எடுத்துவிட்டான். வண்டி நேராகப் போனது. பத்து மணிக்கு, அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, போச்சம்பள்ளி ரோட்டில் வண்டியை ஓட்டினாள்.

போச்சம்பள்ளியில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் மணி பார்த்தாள். நாற்பத்தோரு நிமிடம்.

"பரவால்லியே," என்றான் அவன், பயம் தெளிந்து இறங்கிக்கொண்டே. "டீ குடிக்கலாமா?"

"சமையல முடிச்சிட்டு அஞ்சே காலுக்கு முன்னால என்னால வீட்ட விட்டுக் கெளம்ப முடியாது. இருட்டுல இன்னும் மெதுவாத்தான் வருவேன்." அவள் இறங்கவில்லை. "முப்பது நிமிசத்துக்குள்ள வரணும். ஏறு."

"நைட்டெல்லாம் முழிச்சிருக்கேன்டி."

"பின்னால ஒக்காந்து தூங்கு. நான் நாலு வருசமா அப்படித்தான் தூங்கறேன்."

அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் வண்டியைப் பாரூர் பக்கம் திருப்பி, மறுபடி மணி பார்த்துக்கொண்டாள்.