எஸ்றா சார் மாட்டிய ரேடியேட்டர்

“சாகக் கிடக்குத எங்க அண்ணன், உங்க ரேடியேட்டர் சேருத வரைக்கும் காத்துக்கிட்டா இருப்பாவ?”

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருதேன்னு சொல்லுதேம்லா. கத்தாதட்டி, தெருவே பாக்குது.”

தெரு பார்க்கத்தான் செய்தது. சனிக்கிழமை காலையில் ஒரு வீட்டு முற்றத்தில் கார் வாயைப் பிளந்து நிற்க, ரிட்டயர்டு அறிவியல் வாத்தியார் ஒருவர் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு மனைவியோடு சண்டை போட்டால், பார்க்காமல் இருக்கும் அளவுக்குப் பாளையங்கோட்டையில் யாரும் பற்றற்றவர்கள் இல்லை. எதிர்வீட்டு மஹ்மூதா பீவி, காய்ந்துபோன துணிகளையே மறுபடி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எஸ்றா சாரின் மனைவி சாரம்மாள் நடைப்படியில் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றாள். இடுப்பெலும்பு மாற்றி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பஸ் ஏறக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ராதாபுரத்தில் அவளுடைய அண்ணன் ஜேசுதாசனை, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மகன் சுஜின் முந்தின நாள்தான் போன் செய்திருந்தான். அப்பா அத்தையைப் பார்க்க வேண்டும் என்கிறார். மாமாவும் கூட வர வேண்டுமாம். அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாராம்.

இரண்டு தடவை சொல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜேசுதாசன் மகள் கல்யாணத்தில், மணப்பெண்ணைக் கோயிலுக்கு எஸ்றா சாரின் காரில்தான் ஏற்றினார்கள். முந்தின வாரம் சார் தன் கையாலேயே ரிப்பேர் பார்த்த கார். அது வள்ளியூர் ரயில்வே கேட்டில் படுத்துவிட்டது. பெண் பட்டுச்சேலையும் வெள்ளை முக்காடுமாக ஆட்டோவில் போய் இறங்கினாள். பந்தியில் ஜேசுதாசன், “மச்சான் பாடம் நடத்துனா போதும், ஸ்பானர் நமக்கு எதுக்கு?” என்று கேட்டுவைக்க, பந்தி சிரித்தது. எஸ்றா சார் சோற்றில் வைத்த கையோடு எழுந்தவர்தான். அதோடு போக்குவரத்து நின்றுபோனது.

இப்போது அதே வீட்டுக்கு, அதே காரில், தானே மாட்டிய ரேடியேட்டரோடு போய் இறங்க வேண்டும் என்பது சாரின் வைராக்கியம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாரம்மாளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை; முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

பேட்டையில் குற்றாலலிங்கம் என்று கைராசிக்கார மெக்கானிக் இருக்கிறான், அவனைக் கூப்பிடலாம் என்றாள். அவன் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்துக்கொள்வான் என்றார் சார். மஹ்மூதா பீவி துணிக்கொடியைவிட்டு மதில்வரைக்கும் வந்து, தன் மகனின் கார் சும்மாதான் நிற்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். வீட்டில் வண்டி இருக்கும்போது இன்னொருத்தர் வண்டியில் ஏறமாட்டேன் என்றார் சார். அண்ணன் இருவரையும் அல்லவா கேட்டிருந்தார். தான் மட்டும் போய் நின்றால் முதல் கேள்வியே “மச்சான் எங்கட்டி?” என்றுதான் வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து சாரம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

பழைய ரேடியேட்டரின் அடிப் போல்ட் துருவேறி, இறங்க மாட்டேன் என்று மாலை நாலு மணிவரை அடம்பிடித்தது. புதியதை உட்கார வைத்து, குழாய்களை மாட்டி, கிளிப்புகளை முறுக்கி, தண்ணீரும் கூலண்டும் கலந்து வாய்வரைக்கும் ஊற்றி முடித்தபோது ஐந்தேகால். செல்போன் வீடியோவில் ஒருவன், இனி மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓட விடுங்கள், உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அப்போது கோயில் மணி அடித்தது.

மறுநாள் ஞாயிறு, கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து. அதற்கு முந்தின சாயங்காலம் ஆயத்த ஆராதனை. அன்று வேதபாடம் வாசிக்க வேண்டியவர் எஸ்றா சார். வீடியோக்காரனைப் பாதியில் நிறுத்திவிட்டு, மூடியை இறுக்கி, குளிக்க ஓடினார். ஆராதனை முடிந்து வந்த பிறகு ஓட விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மஹ்மூதா பீவியும் அதைத்தான் பிற்பாடு கேட்டாள். சார் வீட்டில் ஆயத்த ஆராதனை முடிந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அவருடைய தாத்தா காலத்துச் சட்டம். ஓய்வுநாளில் அந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, ஊசியில் நூல் கோக்கக் கூடாது. கார் ஓட்டலாம்; பானட்டைத் திறக்கக் கூடாது. எது வேலை, எது வேலையில்லை என்பதற்கு அவரிடம் தெளிவான பட்டியல் இருந்தது. ராத்திரியில் ஓட்ட அவருக்குக் கண் சரியில்லை என்பதால், மறுநாள் திருவிருந்து முடிந்ததும் கிளம்புவதாக முடிவானது.

அன்று ஆராதனையில் சபைப் போதகர் ஐயர், யார்மேலாவது மனத்தாங்கல் உள்ளவர்கள் அதைத் தீர்த்துவிட்டுப் பந்திக்கு வாருங்கள் என்று வழக்கம்போலச் சொன்னார். மற்றவர்கள் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார்கள். சாரம்மாளுக்கு மட்டும் அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அவள் கோயிலுக்குப் போகவில்லை. எட்டு மணிக்கே மாற்றுச்சேலையைப் பையில் வைத்துக்கொண்டு காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எஸ்றா சார் பெண்சாதி திருவிருந்துக்கு வரவில்லை என்கிற செய்தி, பாட்டு தொடங்குவதற்கு முன்பே பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சேர்ந்தது.

பத்தரைக்குச் சார் வந்தார், வண்டியை எடுத்தார். மூன்றடைப்பு தாண்டியதும் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. சாரம்மாள் முள்ளைப் பார்த்தாள். சார் ரோட்டைப் பார்த்தார். நாங்குநேரிக்கு இந்தப் பக்கமே பானட்டின் ஓரங்களில் ஆவி கிளம்பியது. ஒரு பனங்கூட்டத்தின் ஓரமாய் வண்டி நின்றது.

“பைய ஆறட்டும். பத்து நிமிஷம்.”

சாரம்மாள் இறங்கி ரோட்டோரம் வந்தாள். வாழைத்தார் ஏற்றி வந்த லோடு ஆட்டோ ஒன்றை ஊன்றுகோலை நீட்டியே நிறுத்தினாள். டிரைவர் கூடையைக் கவிழ்த்துப் போட, பல்லைக் கடித்துக்கொண்டு அதில் மிதித்து ஏறினாள். ஏறியபின்தான் திரும்பினாள்.

“நீங்க வண்டியைப் பாருங்க. நான் எங்க அண்ணனைப் பாக்கப் போறேன்.”

அவள் இறங்கும்போது வீட்டு முன் பந்தல் போட மூங்கில் வந்துவிட்டிருந்தது. அண்ணன் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சுஜின் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான்.

“பதினோரு மணிக்குக்கூட நல்லாப் பேசுனாவ அத்தே. நீங்க கிளம்பியாச்சுன்னு சொன்னேன். மச்சான் காருல்லா, பையத்தான் வரும், பொறுப்போம்னாவ. சிரிச்சாவ.”

அழ வந்தவள் அதைக் கேட்டபின் அழவில்லை. அண்ணனின் காலருகில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

குற்றாலலிங்கம் பேட்டையிலிருந்து பைக்கில் வந்து சேர இரண்டு மணியானது. மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓட விட்டான். கொடகொடவென்று குமிழி வந்து அடங்கியது. சார் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை, ஒரு கிளிப்கூட ஒழுகவில்லை என்று அவன் மெச்சினான்.

“காத்து அடைச்சிருக்கு, அவ்வளவுதான் சார். நேத்தே பத்து நிமிஷம் ஓட விட்டிருந்தா போதும்.”

எஸ்றா சார் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கார் வழியில் எங்கும் நிற்கவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் போய் இறங்கியவரை “வாங்க மாமா” என்று சுஜின் மட்டும் கேட்டான்.

சாரம்மாள் நாற்பதாம் நாள்வரை அங்கேயே இருந்தாள். பிறகு மகள் எப்சி வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடுப்புக்கு அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார் என்று எஸ்றா சார் தெருவில் சொன்னார். தெருவும் நம்பியது போலக் கேட்டுக்கொண்டது. வண்டியைக் குற்றாலலிங்கமே விலைக்கு எடுத்துக்கொண்டான். பேட்டைக்கும் களக்காட்டுக்கும் ஒரு சொட்டு ஒழுகாமல் இன்னும் ஓடுகிறது. அடுத்த மே மாதம் சுஜினுக்கு நாசரேத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. சாரம்மாள் எப்சியோடு ரயிலில் வந்தாள். எஸ்றா சார் பஸ்ஸில் போனார், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார். பந்தியில் முழுசாகச் சாப்பிட்டார். சாயங்காலம் சாரம்மாள் மகளோடு கோயம்புத்தூர் ரயில் ஏறினாள்.