கதவில் எழுதிய அளவுகள்

"பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள் என் மனைவி. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து சட்டையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் போய்விட்டிருந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

ஆனால் உட்கார்ந்துகொண்டுதான் போனாள். அதைத்தான் எழுத வந்தேன்.

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகின் அடியில் படுக்கைப்புண் தொடங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் பார்த்தேன், வெறும் சிவப்பு. எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தேன். நாலே நாளில் தோல் திறந்துகொண்டது.

"சிவந்த இடத்தைத் தேய்ப்பாங்களா, அண்ணா? உள்ளே ஏற்கெனவே நசுங்கின சதை" என்றாள் கட்டுப்போட வந்த நர்ஸ்.

"நான் எப்ப உக்காருவேன்?" என் மனைவிக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"புண் மூடட்டும், அக்கா. அப்புறம் நாற்காலி."

நான் முப்பது வருஷம் கார் சீட் தைத்தவன். மெத்தையைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்? ஸ்பாஞ்சின் நடுவில் வட்டமாக வெட்டி, புண் அந்த ஓட்டைக்குள் வரும்படி ஒரு மெத்தை செய்து பெருமையாக நீட்டினேன். நர்ஸ் அதன் விளிம்பை அமுக்கிப் பார்த்தாள்.

"இந்த வளையம் சுத்திவர ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். புண் பெரிசாகும்."

"முப்பது வருஷமா எத்தனை பேர் முதுகைக் கெடுத்தாரோ!" என்று மனைவி சிரித்தாள். அன்றுதான், விழுந்தபிறகு முதல் சிரிப்பு.

ஓட்டையில்லாமல், நடுவில் தையலில்லாமல் வேறு மெத்தை செய்தேன். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்தேன். காற்றாட விட்டால் காயும் என்று நினைத்திருந்தேன். உப்புநீரில் கழுவி, ஈரம் போகாமல் மூடிவைக்கச் சொன்னாள் நர்ஸ்.

ஞாயிறுதோறும் நர்ஸ் புண்ணை அளப்பாள். அறைக் கதவின் உட்பக்கம் நான் பென்சிலால் எழுதுவேன். ஐந்து சென்டிமீட்டர், நாலரை, நாலு. ஒரு வாரம் மறுபடி ஐந்து.

"நாலுதான்" என்றேன் மனைவியிடம்.

"கதவைச் சாத்துங்க, பார்ப்போம்."

சாத்தினேன். எழுதியிருந்தது ஐந்து. எழுதும்போது எனக்குப் பொய் வரவில்லை.

"பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேணும்" என்று சொல்லிவிட்டு, புண் ஆற தினமும் சாப்பிடணும் என்று நர்ஸ் சொல்லியும் வேண்டாமென்று தள்ளிவைத்திருந்த முட்டையை எடுத்துச் சாப்பிட்டாள்.

ஏழாம் மாதம் புண் மூடியது. பதினோரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒருவரையும் விடாமல் குறை சொன்னாள்.

சுவர்களுக்கு இப்போது வெள்ளையடித்தாயிற்று. அந்தக் கதவை மட்டும் தொடவிடவில்லை. அதில் கடைசி எண் இன்னும் பூஜ்யம்தான்.