கொழுப்புத் தடவிய தோட்டா

என் மனைவி ரோசினா இறந்த பிறகு அவள் அண்ணன் கிறிஸ்டன் என் வீட்டில் தங்கினான். யாரும் அழைக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் மேல்மாடி அறையில் மூட்டையை வைத்தான், அவ்வளவுதான். அவன் குறட்டை மரச்சுவரைத் தாண்டி வரும். அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இருவருக்கும் ஆரே ஆற்றங்கரைத் தோட்டாத் தொழிற்சாலையில் வேலை. நான் வெடிமருந்து ஆய்வுக்கூடத்தில். அவன் சோதனைத் திடலில் சுடுபவன். போட்டிகளில் மாலை வாங்கியவன்.

ஜூனில் சோதனை பார்க்கப் படைக்குழு வந்தது. ஈயக் குண்டுக்குச் செம்புத் தகடு போர்த்திய புதுத் தோட்டா. சிறிய குழல், அதிக வேகம். காலையில் மற்றவர்கள் சுட்டது நன்றாகவே போனது. மதியம் கிறிஸ்டன் சுட்டபோது குழலின் பின்வாயை அடைக்கும் தாழ்ப்பாள் பிளந்து அவன் கன்னத்தைக் கிழித்தது.

"என்ன பண்டிதரே, எதிரியைச் சுடச் சொன்னா உங்க மருந்து நம்ம ஆளையே சுடுது!" என்றார் மேஜர் விட்டன்பாக். "நாளைக்குக் காரணம் வேணும். இல்லைன்னா எல்லாத்தையும் ஏரியில கொட்டிடுவோம்."

குழலில் சிக்கிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை நெம்பி எடுத்தேன். விரலில் வழுக்கியது. முகர்ந்தேன். ஆட்டுக்கொழுப்பு.

வீட்டில் அவன் கன்னத்தில் தையலோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"தடவினியா மச்சான்?"

"தடவாம? கொழுப்பில்லாத குண்டைக் குழல்ல விடறவன் மனுஷனா? எங்கப்பா குண்டுக்குப் பூசின அளவு சூப்புக்குக்கூடப் போட்டதில்ல."

"வெறும் ஈயத்துக்கு அது சரி. இதுல கூடு வழுக்கினா குழலைப் பிடிச்சு நிக்காது. மொத்த உதையும் தாழ்ப்பாள் மேலதான் விழும். எதையும் தடவக் கூடாதுன்னு உத்தரவு வாசிச்சாங்களே?"

"வாசிச்சவன் ஒரு தடவையாவது சுட்டிருக்கானா?" கத்தியைக் கீழே வைத்தான். "மாப்ளே, அவங்ககிட்ட சொல்லிடாதே. திடலை விட்டா எனக்கு எங்கண்ணன் மாட்டுத்தொழுவம்தான்."

இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு படைத்துப்பாக்கி. அடுப்படிக்கு அடுப்படி கொழுப்புச் சட்டி. சொல்லாவிட்டால் எல்லோரும் தடவுவார்கள்.

மறுநாள் மேஜரிடம் சொன்னேன். துப்பாக்கியைச் சட்டத்தில் கட்டி, தோட்டாவில் கொழுப்பைப் பூசி, தள்ளி நின்று விசையைக் கயிற்றால் இழுத்தேன். தாழ்ப்பாள் பிளந்தது. துடைத்த தோட்டாக்கள் வேறொரு துப்பாக்கியில் ஒழுங்காகப் போயின. மேஜர் என் கையைக் குலுக்கினார். கிறிஸ்டனைத் திடலிலிருந்து நீக்கினார்கள்.

வீடு திரும்பியபோது மூட்டை வாசலில் இருந்தது.

"எங்க போற மச்சான்?"

"மாடுங்ககிட்ட. அதுங்களுக்கும் உத்தரவு புரியாது. எனக்குத் தோதா இருக்கும்."

இரு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ரொட்டி எடுத்துட்டுப் போ" என்றுதான் வந்தது.

பாதியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டான். மீதியைக் காயாமல் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தான். என்னைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.