அத்தை மகனின் உரிமை

எங்கள் ஆட்களிடம் அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கேலி முறை உண்டு. அவள் தட்டிலிருந்து அவன் கறித்துண்டை எடுக்கலாம், தலைத்துணியை உருவிக்கொண்டு ஓடலாம். கணவன் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தால் அவனைத்தான் ஊரே கேலி செய்யும். நான் நன்றாகச் சிரிக்கப் பழகியிருந்தேன்.

என் மனைவி கிறிஸ்டோஃபினேயின் அத்தை மகன் ஹிஸ்கியா. பள்ளத்தாக்கில் பழைய பாறைச் செதுக்கல்களைக் காட்டும் வழிகாட்டி வேலை அவனுக்கு. கழுதை வண்டியில் மூன்று மணி நேரம்தான் என்றாலும் நான் போனதே இல்லை. அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் பார்ப்பதற்கு என்று நினைப்பு. அந்தக் குளிர்காலத்தில் பெண் வழிகாட்டி ஒருத்தி வேண்டுமென்று ஹிஸ்கியா ஒரு விண்ணப்பத்தாள் கொடுத்தனுப்பினான். வார நாட்களில் அங்கேயே தங்க வேண்டும்.

"ஒரு தடவ வந்து பாருங்க. நீங்க சரின்னா போறேன், வேணாம்னா விட்டுடறேன்" என்றாள்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். ஏழு வயது டெல்மா எங்கள் நடுவில். கிறிஸ்டோஃபினே நீல நிற நெடுஞ்சட்டை அணிந்திருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு அது பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

ஹிஸ்கியா வாசலிலேயே நின்றான்.

"வாடி என் பொண்டாட்டி! அண்ணே, ரெண்டு கழுதையக் காட்டியே இவள மயக்கிட்டீங்களே. அப்போ எங்கிட்ட செருப்புகூட இல்ல."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? தொப்பி ஆபீசுது. உள்ள இருக்கிற மண்டைதான் உன்னுது, அதுவும் காலி" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சிவந்த பாறைகளில் காண்டாமிருகம், தீக்கோழி, வால் மடங்கிய சிங்கம். ஹிஸ்கியா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். டெல்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு பாறைக்கு வந்ததும் அவன் வாய் திறக்கும் முன்பே கிறிஸ்டோஃபினே குந்தி உட்கார்ந்துவிட்டாள். கல்லைத் தொடாமல், விரலை அதற்கு மேலே ஓட்டினாள்.

"இந்த ஒட்டகச்சிவிங்கியப் பாரு டெல்மா. தண்ணிக்குப் போவுது. கழுத்தப் பாரு, அவசரமே இல்ல. தண்ணி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். செதுக்கினவனுக்கும் தெரிஞ்சிருக்கு."

பின்னால் நின்ற ஒரு ஜெர்மன் தம்பதி தங்கள் வழிகாட்டியை விட்டுவிட்டு இவளையே பார்த்தார்கள். மொழி புரியாமலே கேட்டார்கள். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது எழுதினால் பொய்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் டெல்மா.

"சின்னப் புள்ளைல இங்கதான் ஆடு மேய்ச்சோம். மத்தியானம் ஆடுங்க படுத்தா, நாங்களும் இந்த நெழல்ல படுத்துக்குவோம்."

"இவ கொறட்டைல அந்தச் சிங்கம் பயந்துதான் வாலு மடங்கிப்போச்சு" என்றான் ஹிஸ்கியா.

நாங்களும் என்ற ஒரு சொல்தான் என் காதில் நின்றது.

வண்டிகள் நிற்கும் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் வாய்க்குக் கொண்டுபோன பொரித்த ரொட்டியை ஹிஸ்கியா பறித்து, பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அவன் தலையில் குட்டிவிட்டு அந்த மீதியைத் தின்றாள். எல்லாம் முறைப்படிதான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன்.

"ஏம்ப்பா இப்படிச் சிரிக்கிற?" என்றாள் டெல்மா.

திரும்பும் வழியில் கிறிஸ்டோஃபினே கேட்டாள். "என்ன சொல்றீங்க?"

"ஆட்ட யாரு பாக்குறது?"

"எங்க அக்கா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா. டெல்மாவையும்."

"ஆடு உங்க அக்கா பேச்சக் கேக்காது."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "ஹிஸ்கியாவாலயா?" என்றாள்.

"சே சே. அது கேலி முறை. அதுக்குப் போய் யாராவது கோபப்படுவாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அவ்வளவுதான். பிறகு வேலைக்கும் போயிருப்பாள். அந்த ஒரு சிரிப்புக்கு அஞ்சி ஆட்டின் மேல் பழி போட்டேன். அவளும் சொன்ன சொல் மாறவில்லை. தேதி கடந்ததும் விண்ணப்பத்தாளை மடித்துச் சர்க்கரை டப்பாவின் மூடிக்குள் வைத்தாள், சர்க்கரை ஈரம் இழுக்காமலிருக்க. மூன்று குளிர்காலம் ஒவ்வொரு தேநீருக்கும் அதைப் பார்த்தேன். நான்காவதில் நெஞ்சுச்சளி முற்றி அவள் போய்விட்டாள். குழி வெட்டியவர்களில் ஹிஸ்கியாவும் இருந்தான்.

அடுத்த ஆண்டு டெல்மாவை அங்கே கூட்டிப்போனேன். ஹிஸ்கியா எங்களைத் தொப்பி எடுத்து வரவேற்றான். அந்த ஒட்டகச்சிவிங்கி முன்னால் நின்று, "கழுத்தப் பாருங்க, அவசரமே இல்ல" என்றான். எல்லோருக்கும் இப்போது அப்படித்தான் சொல்கிறான் போலிருக்கிறது.

அதே மரத்தடியில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்றை எடுத்து, அவன் கைக்கு எட்டும்படி வேண்டுமென்றே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சாப்பிடுங்க சார்" என்றான்.

டெல்மாதான் அதை வாங்கித் தின்றாள்.