தீர்மானிக்க முடியவில்லை

அமிர்தநாதரின் இடது மேற்கையில் நாலு விரல் பதிந்து கன்றிப்போன கண்டலைக் கண்டபோது செரீனாவுக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? இருபது வருடமாக நெஞ்சுக்குள் அடைகாத்து வைத்திருந்த வன்மம், ஸ்காபரோ டோர்செட் பார்க்கில் ஒரு பதினாலாம் மாடிக் குளியலறையில், அவள் ஈரத் துவாயும் கையுமாக நின்ற நேரத்தில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"இதென்ன அங்கிள் கையிலை?"

"விழுந்திட்டன் பிள்ளை."

விழுகிறவனைத் தரை நாலு விரலால் பிடித்து உலுக்குமா? செரீனா முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, சேர்ட்டை மாட்டி, சக்கர நாற்காலியை யன்னலடிக்குத் தள்ளிக்கொண்டுபோய் விட்டாள். பிறகு குசினிக்குள் போய்க் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தாள். ஒக்ரோபர் ஏழு, காலை ஒன்பது இருபது, குளியலறை, இடது மேற்கை, நாலு அடையாளம், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம். எழுதி முடித்ததும் தேத்தண்ணி போட்டாள்.

வீடுகளுக்குப் போய் நோயாளிகளையும் வயதானவர்களையும் பார்ப்பது அவளுடைய வேலை. குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. வேலை கொடுக்கிற ஏஜென்சி செப்ரெம்பரில் இந்த விலாசத்தைப் போனுக்கு அனுப்பியது. வயது எழுபத்துநாலு, பாரிசவாதம், வலதுபக்கம் வழங்காது, தமிழ் பேசுபவர் தேவை. கதவு திறந்ததும் ஆளை மட்டுக்கட்ட அவளுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அந்த நெற்றியும் மூக்கும் ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் அமிர்தநாதருடையவைதான். அவருக்கு அவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அடித்தவன் மறந்துவிடுவான், அடிபட்டவன்தான் மறக்கமாட்டான்.

இருபது வருடத்துக்கு முன் ஊரில் அது சமாதான காலம். கடதாசியில் போர்நிறுத்தம், தெருவில் ஆள் கடத்தும் வெள்ளை வான். மன்னாரில் மீறல்களைக் கண்காணிக்க ஒரு குழு இருந்தது. தலைவராக ஒரு வெள்ளைக்காரர், அவரோடு உள்ளூர்ப் பெரியமனிதர்கள் நாலு பேர், அதில் ஒருவர் அதிபர். சனங்கள் முறைப்பாடு கொண்டுபோவார்கள். குழு விசாரித்து மூன்று பெட்டிகளில் ஒன்றுக்குச் சரி போடும்: மீறல், மீறல் அல்ல, தீர்மானிக்க முடியவில்லை. வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அதிபர் கேட்டு, அதிபர் இங்கிலீசில் எழுதி, அதிபர் வாசித்துக் காட்டுவதுதான் விசாரணை. குருடனுக்குக் கோல் மாதிரி அந்த மனிதருக்கு அதிபர்.

செரீனாவின் புருஷன் ஜூலியஸ் மீன் லொறி ஓடினான். கலியாணம் கட்டி இரண்டு வருடம். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் சந்தியில் லொறியை மறித்து, அவனை இறக்கி, வெள்ளை வானில் ஏற்றினார்கள். கடைவாசலில் நின்ற செரீனா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். வான் இருநூறு யார் போய் இராணுவ முகாம் வாசலுக்குள் திரும்பியதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டாள். வெள்ளிக்கிழமை விடிய முறைப்பாடு கொடுத்தாள். இலக்கம் இருநூற்றுப் பதினாலு. நேரம், இடம், வான் நம்பரின் கடைசி இரண்டு எண், எல்லாம் சொன்னாள். அடுத்த கிழமை பதில் வந்தது. மூன்றாவது பெட்டிக்குச் சரி போட்டிருந்தது. கீழே அமிர்தநாதரின் வடிவான கையெழுத்து.

அதற்குப் பிறகு ஜூலியஸுக்கு உடலுமில்லை, கல்லறையுமில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோர் திருநாளுக்குக் கோயிலில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். ஸ்காபரோவில் இத்தனை வருடத்தில் செரீனா அவன் பெயரை ஒருமுறைகூட எழுதிக் கொடுத்ததில்லை. செத்தவன் என்று எழுதக் கை வராது, உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல வாயும் வராது. தீர்மானிக்க முடியவில்லை என்ற இரண்டு சொல்லுக்குள் அவளை உயிரோடு புதைத்தவர் இந்த மனிதர்.

வேறு ஆளை அனுப்பச் சொல்லி ஏஜென்சியைக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கிழமைக்கு ஐந்து நாள், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, எதிரியைக் குளிக்கவார்த்துத் சீப்பால் தலை இழுத்துவிட்டாள். சின்னச் சின்னப் பழிகள் தீர்த்தாள். ரிமோட்டை வழங்காத கைப்பக்கம் வைப்பாள். செபமாலையையும் அந்தப் பக்கமே வைப்பாள். உச்சியை வேண்டுமென்றே மாறிப் பிரிப்பாள். கிழவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு "பரவாயில்லை பிள்ளை" என்பார். அந்தப் பணிவைக் கேட்டால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு, மகன் அகஸ்ரின். இப்போது முப்பத்தொன்பது வயது. இரவில் ட்றக் ஓடி, விடிய வந்து படுப்பவன். பெண்சாதி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மல்வேர்னுக்குப் பிரிந்து போய்விட்டாள். தகப்பன் இரவில் படுக்கையை நனைத்தால் காலையில் வந்து மாற்றுவதும் அவன்தான். சிலநாள் கண் இரண்டும் கொவ்வைப்பழம்போல் சிவந்திருக்க, "தாங்ஸ் அக்கா" என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவான். நாலு விரலும் யாருடையவை என்று அவளுக்குச் சாத்திரம் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

சந்தேகம் வந்த அன்றே சூப்பர்வைசருக்குச் சொல்லவேண்டும் என்பது வேலையின் சட்டம். செரீனா சொல்லவில்லை. ஒரு காயம், ஒரு சாட்சி, கிழவரோ விழுந்தேன் என்பார். அப்படிப்பட்ட முறைப்பாடு எந்தப் பெட்டிக்குள் போகும் என்று அவளுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. பழுக்கட்டும் என்று விட்டாள். கொப்பியில் இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, நாலாவதும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் திகதி, நேரம், அளவு, போனில் ஒரு படம். அவள் வாய் திறந்திருந்தால் இரண்டாவது அடி விழுந்திராது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினாள்.

நவம்பர் பத்தாம் திகதி காலை கிழவரின் கீழுதடு வெடித்திருந்தது. அகஸ்ரின் அறைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். செரீனா உதட்டைத் துடைத்து, படமெடுத்து, கொப்பியில் எழுதி, அதை அப்படியே விரித்துக் கிழவரின் மடியில் வைத்தாள்.

"ஐஞ்சு தரம் அங்கிள். இண்டைக்கு கோல் பண்ணப்போறன். பொலிஸ் வரும். மகனைக் கொண்டுபோவாங்கள்."

அமிர்தநாதர் வாசித்தார். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பினார். முகத்தில் முதலில் பயம் வந்தது, பிறகு வேறொன்று வந்தது.

"உந்த மாதிரி எழுத ஆர் உமக்குப் படிப்பிச்சது?"

"நீங்கள்தான் சேர்." அவரை அங்கிள் என்பதை அத்தோடு விட்டாள். "இருநூற்றுப் பதினாலு. மீன் லொறி ஜூலியஸின்ரை மனிசி."

கிழவர் கண்ணை மூடினார். கீழே லோறன்ஸ் வீதியில் பஸ் ஒன்று பெருமூச்சு விட்டு நின்று போனது. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று அவள் நினைத்திருந்தால் அது அவளுடைய பிழை.

"நான் விழுந்தன் எண்டுதான் சொல்லுவன்," என்றார்.

"சொல்லுங்கோ. படம் இருக்கு. திகதி இருக்கு. ஒரே கை, ஒரே நாலு விரல்."

அவர் மறுபடியும் கொப்பியைப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்தினவர் அல்லவா, விடை சரி என்று அவருக்கே விளங்கியது. தோள் தொய்ந்தது.

"அவன் கெட்டவன் இல்லைப் பிள்ளை. நித்திரை இல்லாதவன். இஞ்சை எனக்கு வேறை ஒருத்தரும் இல்லை. அவனைக் கொண்டுபோனா என்னை எங்கையாவது ஒரு ஹோமிலை போடுவாங்கள். தமிழிலை ஒரு சொல்லுக் கதைக்க ஆளிராது."

"எனக்கு மட்டும் ஆர் இருந்தது சேர்?"

கிழவர் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார், "உமக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்விக்கான விடையை அவள் இருபது வருடமாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். "உண்மை. உங்கடை கையாலை, உங்கடை கையெழுத்தோடை."

"எழுதித் தந்தா?"

"இந்தக் கொப்பியைக் கிழிச்சு எறிஞ்சுபோட்டு வேலைக்கும் வேறை ஆளை விடச் சொல்லிப் போயிடுவன். மடுமாதா மேலை சத்தியம்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அந்த ஒரு கடதாசி கிடைத்தால் அகஸ்ரின் எக்கேடு கெட்டும் போகட்டும், கிழவரும் மகனும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு கிடக்கட்டும், அவளுக்கு என்ன? அடுத்த நவம்பரில் பட்டியலில் ஒரு பெயர் எழுதலாம். அது போதும் என்றுதான் இருந்தாள்.

பேனையை இடது கையில் பிடித்துக்கொண்டு அமிர்தநாதர் எழுதத் தொடங்கினார். எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையவை போலக் கோணிக்கொண்டு போயின. ஒரு பக்கம் எழுத முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்டார், கொடுத்தாள். கடைசியில் கையெழுத்து வைத்து, திகதி போட்டு நீட்டினார். செரீனா நின்றபடியே வாசித்தாள்:

வியாழன் இரவு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். என் மகன் அகஸ்ரினுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனும் அந்தச் சந்தியால்தான் படிக்கப் போகிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை முறைப்பாடு வந்தது. சனிக்கிழமை காலை வெள்ளைக்காரரோடு முகாமுக்குப் போனேன். உள்ளே போய்ப் பார்க்கக் குழுவுக்கு உரிமை இருந்தது. அவர் அதிகாரியோடு முன்னறையில் கதைத்துக்கொண்டிருக்க, என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். ஜூலியஸ் அங்கே உயிரோடு இருந்தார். மேலில் சேர்ட் இல்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னை மட்டுக்கட்டினார். "சேர், நான் இஞ்சை இருக்கிறன் எண்டு செரீனாட்டைச் சொல்லுங்கோ" என்றார். நான் வெளியே வந்து வெள்ளைக்காரரிடம் உள்ளே ஒருவரும் இல்லை என்றேன். அது மீறல்.

இரண்டாம் முறை வாசித்தாள். சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை பகல் முழுவதும் அவள் குழுவின் கந்தோர் வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே குந்தியிருந்தவள். வெள்ளை ஜீப் மதியம்போல் திரும்பி வந்தது. பின்சீற்றில் இருந்த அதிபர் இறங்கி, அவளைக் கடந்து உள்ளே போனார். அவளுக்கென்று கொடுத்துவிட்ட சொல் அவருடைய வாய்க்குள் இருந்திருக்கிறது. ஒரு முழத் தூரம். ஒரு பெண் கத்தியிருந்தால், வெள்ளைக்காரரின் காலைப் பிடித்திருந்தால், ஜீப்பைத் திருப்பியிருந்தால்?

"எத்தினை நாள் வைச்சிருந்தவங்கள்?"

"தெரியாது பிள்ளை. திங்கக்கிழமை ஆள் இல்லை எண்டு கேள்விப்பட்டனான்."

"ரெண்டு நாள்," என்றாள் செரீனா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ரெண்டு நாள் இருந்திருக்கு."

"என்ரை பிள்ளைக்காக..."

"ஓம். உங்கடை பிள்ளை."

கடதாசியை நாலாக மடித்துக் கைப்பையின் உள்பொக்கற்றில் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். அடுத்து மடியில் கிடந்த கொப்பியை எடுத்தாள். கிழவரின் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது, கிழிக்கப்போகிறாள் என்று. அவள் போனை எடுத்தாள். சூப்பர்வைசர் ஸ்டெபனியின் நம்பரை அழுத்தி, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

பெயர், விலாசம், மாடி நம்பர். ஒக்ரோபர் ஏழு, இடது மேற்கை. ஒக்ரோபர் பதினாறு. இருபத்திரண்டு. நவம்பர் மூன்று. இன்று காலை, கீழுதடு. ஐந்துக்கும் படம் இருக்கிறது, செய்பவர் மகன், இப்போது உள்ளறையில் நித்திரை. ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். ஏன் முதலே சொல்லவில்லை என்று ஸ்டெபனி கேட்டாள். "நிச்சயமாத் தெரியவேணும் எண்டு பார்த்தனான்," என்றாள் செரீனா. மிக நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், அங்கேயே இருங்கள், பொலிஸுக்கு இப்போதே அறிவிக்கிறேன் என்று சொல்லி ஸ்டெபனி போனை வைத்தாள்.

அமிர்தநாதரின் உதடு மறுபடி கசிந்து இரத்தம் நாடிக்கு வந்திருந்தது. துடைக்க அவள் போகவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "அப்பா, ஆரோடை கதைக்கிறியள்?" என்று நித்திரைக் குரலில் அகஸ்ரின் கேட்டான். கிழவர் அந்தக் கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வழங்குகிற கையில் இன்னும் பேனை இருந்தது.

"சத்தியம் பண்ணினனீர் பிள்ளை," என்றார். "மாதா மேலை சத்தியம் பண்ணினனீர்."

செரீனா கதிரையொன்றை இழுத்து அவருக்கு நேரே போட்டு இருந்தாள். பொலிஸ் வரும்வரை அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது.

"ஓம் சேர், பண்ணினனான். இப்ப முறிச்சுப் போட்டன். பேனை உங்கடை கையிலைதானே இருக்கு, மீறல் எண்டு எழுதுங்கோ."